கூட்டிக் கழிக்காமல் ஓர் ஆண்டு

ஆண்டு முடியும் தறுவாயில் ஆளாளுக்கு அதற்கு மதிப்பெண் போடத் தொடங்கிவிடுகிறார்கள். நல்ல ஆண்டு, மோசமான ஆண்டு, சோதனை ஆண்டு, எப்படியோ தள்ளிவிட்ட ஆண்டு. என்னிடமும் கேட்டார்கள். அண்ணன் இறந்த ஆண்டு என்பது தெரிந்திருந்ததால், கேட்கும்போதே பதிலையும் முகத்தில் எழுதிவைத்துக்கொண்டு கேட்டார்கள். வேண்டிய பதிலைக் கொடுத்தால் பேச்சு சீக்கிரம் முடியும் என்பதால் பல இடங்களில் தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கிறேன். ஆனால் நடந்தது அப்படியில்லை. அழுததும் அதிகம், வயிறு வலிக்கச் சிரித்ததும் அதிகம். பல நாள்களில் இரண்டும் ஒரே பொழுதில் நடந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மிச்சம் பார்க்கிற கணக்கு எனக்கு வரவில்லை. வரவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

முதலில் வந்தது தலைசுற்றல். விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு வலப்பக்கம் புரண்டேன்; கூரை கழன்றுகொண்டு சுழன்றது. கண்ணை மூடினாலும் நிற்கவில்லை. மெத்தை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, தானாகவே அடங்கியது. எழுந்து உட்கார்ந்ததும் இன்னொரு சுற்று. பக்கவாதம்தான் என்று முடிவுகட்டி, எனக்கு நானே பெயர் சொல்லிப் பார்த்து, இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்து, கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். வாய் கோணவில்லை. பேச்சுக் குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, ஒரு பக்கக் கை கால் துவள்வது எல்லாம் தலைசுற்றலோடு சேர்ந்து வந்தால் அது வேறு கதை, அப்போது ஒரு நொடியும் வீணாக்காமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். எனக்கு வந்தது அந்தக் கதை இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் என்னை மேசைமீது உட்காரவைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கியது. அந்த நிலையில் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அறை சுழலத் தொடங்கியதும் நான் அலறினேன். அவர் முகத்திலோ தேடியது கிடைத்த திருப்தி. கருவிழி துடிப்பதைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். உட்காதில் கண்ணுக்குத் தெரியாத கால்சியம் கார்பனேட் படிகங்கள் இருக்கின்றனவாம். அவை இருக்கவேண்டிய பையிலிருந்து கழன்று, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்களில் ஒன்றுக்குள் போய்விட்டால், செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி ஒவ்வோர் அசைவிலும் உறுத்தும். நாம் புரண்டு நின்ற பிறகும் குழாயில் உள்ள திரவம் நகர்ந்துகொண்டிருக்கும். தலை இன்னும் சுழல்வதாக மூளைக்குத் தகவல் போகும். மருந்து எதுவும் தரவில்லை. தலையை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, உடம்பை ஒருக்களிக்கவைத்து, உட்காரவைத்தார். அவ்வளவுதான். படிகங்கள் குழாயிலிருந்து வெளியேறி இருப்பிடம் திரும்பிவிட்டன. ஒரு வாரம் கழித்து வலப்பக்கம் புரண்டு படுத்தபோது, கூரை அசையாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் விழித்திருந்தேன்.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் வழக்கம்போல ‘சரி, நாளைக்குப் பேசுகிறேன்’ என்று போனை வைத்துவிட்டார். எனக்கு வந்த நோய் எதுவானாலும் அதன் வரலாற்றைத் தோண்டி எடுத்துக்கொண்டுதான் மறுநாள் பேசுவார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. கண் துடிப்பைப் பார்க்கும் சோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்திருக்கிறார்கள் என்றார். தலையைத் திருப்பும் முறை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி கண்டுபிடித்தது. மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை, தலையைத் திருப்பினால் போதும் என்று அவர் சொன்னபோது சக மருத்துவர்கள் நம்பவில்லை, அந்த முறை பற்றிய அவரது கட்டுரை வெளிவர 1992 ஆகிவிட்டது என்றார். ‘முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் உனக்கு இது வந்திருந்தால் மாதக்கணக்கில் மாத்திரை தின்றிருப்பாய். சரியான நேரம் பார்த்துத்தான் வரவழைத்திருக்கிறாய்’ என்பதுதான் அவர் சொன்ன ஆறுதல்.

வலப்பக்கம் படுக்க அனுமதி கிடைத்த கொஞ்ச நாளிலேயே வலத்தோள் மறுத்துவிட்டது. முதலில் இரவு வலி. பிறகு சட்டை மாட்ட முடியவில்லை, பின்தலையில் சீப்பு எட்டவில்லை, காரில் பெல்ட்டை இழுக்க இடக்கை குறுக்கே வரவேண்டியிருந்தது. தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடும். யாராவது பிடித்துத் தூக்கிவிட்டாலும் கை மேலே போகாது. உறைந்த தோள் என்கிறார்கள். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் வருவது, பெண்களுக்கு அதிகம், சர்க்கரை நோயும் தைராய்டு கோளாறும் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். முதலில் வலிக்கும், பிறகு இறுகும், பிறகு மெல்ல மெல்ல விடும். மொத்தத்தில் ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை ஆகலாம் என்று எலும்பு மருத்துவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. நோயைப் பற்றிச் சொல்லச் சொன்னால் பருவகாலங்களைப் பற்றிச் சொல்கிறாரே என்று.

அண்ணனுக்கு இந்த நோய் மிகவும் பிடித்துவிட்டது. இந்தப் பெயரைப் பரப்பிய அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன், 1934இலேயே, இதை வரையறுப்பதும் கடினம், குணப்படுத்துவதும் கடினம், விளக்குவதும் கடினம் என்று கைவிரித்திருக்கிறாராம். ‘பார்த்தாயா, நேர்மையான மனிதர்!’ என்று போனில் குதித்தார். குனிந்துகொண்டு கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டும் பயிற்சிக்கும் கோட்மன் பெயர்தான். அதை நான் தினமும் செய்தேன்.

இன்னொரு பயிற்சி, சுவரில் விரல்களை நடக்கவிடுவது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மேலேறவேண்டும். வலி தடுக்கும் இடத்தில் நின்று, மூச்சை விட்டு, இன்னும் ஒரு விரற்கடை. எங்கள் வீட்டுக் கதவுச் சட்டத்தில் பேத்தியின் உயரத்தைப் பென்சிலால் குறித்துவருகிறோம். அதற்கு எதிர்ச் சட்டத்தில் என் விரல் எட்டும் உயரத்தைக் குறிக்கும் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். கண்டிப்பான அதிகாரி. ‘பாட்டி, குதிகாலைத் தூக்கக்கூடாது.’ ‘பாட்டி, தோளைக் காதுவரை ஏற்றுகிறாய், அது ஏமாற்று.’ பிசியோதெரபிஸ்ட் கண்டுபிடிக்காத ஏமாற்றுகளை எல்லாம் அவள் கண்டுபிடித்தாள். நாற்காலியில் ஏறி நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவாள். சில வாரங்களில் புதுக்கோடு பழைய கோட்டின் மேலேயே விழும். ‘பரவாயில்லை, நானும் இந்த மாதம் வளரவில்லை’ என்பாள்.

தோளுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியாக இருந்தது, தைராய்டு சரியில்லை. தைராய்டு மந்தமானால் கூடுகிற டி.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவு இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு. ஓயாத அசதி, முடி உதிர்வது, எல்லோருக்கும் வியர்க்கும்போது எனக்கு மட்டும் குளிர்வது, இதையெல்லாம் வயது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குவதால் வருவது. ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912இல் முதலில் விவரித்தார். (அண்ணன்: ‘அவர் 1934இல் டைபாய்டில் இறந்துபோனார். கோட்மன் உன் தோளைப் பற்றி எழுதிய அதே ஆண்டு!’ இதில் அவர் என்ன கண்டார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.) காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு ஒரு சின்ன மாத்திரை, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள் இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், ஆகவே அளவை மாற்றினால் ஆறு வாரமாவது பொறுத்துத்தான் மறுபரிசோதனை. பொறுமை இல்லாதவளுக்கு இந்த ஆண்டில் வந்து வாய்த்தவை எல்லாம் இப்படிப்பட்ட நோய்கள். ஆனாலும், அசதி விலகியதைச் சொல்லியாகவேண்டும். ஏதோ ஒரு நாள் மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறிவிட்டு, எதற்காக ஏறினேன் என்பதை மறந்துபோய், ஏறிய மகிழ்ச்சியோடு இறங்கிவந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணன் இறந்தார். தூக்கத்தில், மாரடைப்பு. முந்தின நாள் மாலைகூடப் பேசினோம். மாத்திரையைப் பற்றி ஏதோ படித்து வைத்திருப்பதாகவும் மறுநாள் சொல்வதாகவும் சொன்னார். அது என்னவென்று தெரியாது.

அந்த நாள்களைப் பற்றி எழுத முயன்றேன், அடித்துவிட்டேன். வந்தவர்களில் அதிகம் பேசாமல் பாத்திரம் கழுவிக்கொடுத்தவர்களை நினைவிருக்கிறது. துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டு, நீ இப்போது இரண்டாவதில் இருக்கிறாய் என்று எனக்கு விளக்கியவரையும் நினைவிருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்தையும் 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் எழுதியது, சாகப்போகிறோம் என்று அறிந்த நோயாளிகளோடு பேசியதன் அடிப்படையில். இழந்துவிட்டு இருப்பவர்களுக்கான கால அட்டவணையாக அது பின்னாளில்தான் மாறியது. நான் எந்த வரிசையிலும் போகவில்லை. காலையில் ஏற்பு, மதியம் கோபம், மாலை போன் பேசும் நேரம் வந்தால் பச்சை மறுப்பு. துக்கத்துக்குக் கெடு வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஒருவரைச் செயலற்று முடக்கிப்போடும் துக்கத்தை மருத்துவம் தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அதற்குக் குறைந்தது ஆறு மாதம் என்றும், அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் 2022ஆம் ஆண்டுக் கையேட்டில் பெரியவர்களுக்கு ஓராண்டு என்றும் வரம்பு. அப்படி முடங்கியவர்களுக்கு உதவி கிடைக்க இது தேவைதான், குறைசொல்லமாட்டேன். ஆனால் மூன்றாம் மாதத்தில் ‘இன்னுமா?’ என்று கேட்டவர் எந்தக் கையேட்டையும் படித்தவரில்லை.

அண்ணி என்னை அழைத்தது அப்போதுதான். எனக்கும் அண்ணிக்கும் இடையே சண்டை எதுவும் இருந்ததில்லை, பேச்சும் இருந்ததில்லை. அண்ணன் வழியாக நலம் விசாரித்துக்கொள்வோம், அவ்வளவே. அன்று அவர் கேட்டது: ‘இந்தக் குழாயில் எந்தக் கோட்டைப் பார்ப்பது?’

அண்ணன் மொட்டைமாடியில் மழைமானி வைத்திருந்தார். புனலின் கீழே ஒரு பாட்டில். அதில் சேர்ந்த நீரைத் தினமும் காலையில் ஒரே நேரத்தில் கண்ணாடி அளவுக்குழாயில் ஊற்றிப் பார்த்து, நோட்டில் எழுதுவார். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அந்த நோட்டுகளை அண்ணி எப்போதும் குப்பை என்றுதான் சொல்லிவந்தார். மழை பெய்யாத நாளிலும் மாடியேறிப் போய்ப் பூஜ்யம் எழுதுகிற மனிதரோடு வாழ்ந்தவர் வேறு என்ன சொல்வார்? இப்போது குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நீரின் விளிம்பு கண்ணாடியை ஒட்டிச் சற்று ஏறியிருக்கும், அதைப் பார்க்கக்கூடாது, நடுவில் உள்ள பள்ளத்தைப் பார்க்கவேண்டும், கண் அதே மட்டத்தில் இருக்கவேண்டும் என்றேன். ‘பதினான்கும் அரையும்’ என்றார். பிறகு, ‘நடுவில் விட்டுப்போன நாள்களுக்கு என்ன எழுதட்டும்?’ அந்த நாள்களில் மழை பெய்திருந்தது. பாட்டில் நிரம்பி வழிந்துமிருந்தது. பூஜ்யம் எழுத முடியாது. பிற்பாடு அந்த நோட்டைப் பார்த்தேன். அண்ணனின் குட்டிக் குட்டி எண்களுக்குக் கீழே, அண்ணியின் பெரிய உருண்டைக் கையெழுத்தில், வரிசையாக: ‘அளக்கவில்லை. அளக்கவில்லை. அளக்கவில்லை.’

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்குக் குறித்திருந்த நாள் அண்ணனின் மரணத்தால் தள்ளிப்போனது. சில மாதங்கள் கழித்து, இனி வேண்டாம் என்றார். ‘எதைப் பார்க்க?’ என்பது அவர் கேள்வி. பிறகு ஒரு நாள், யாரும் வற்புறுத்தாமல், போகலாம் என்றார். காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. அண்ணன் இருந்திருந்தால் வரலாற்றோடு வந்திருப்பார். இந்த முறை நானே தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப்போரில் விமானத்தின் பிளாஸ்டிக் கூரை உடைந்து விமானிகளின் கண்ணில் துண்டுகள் தைத்தபோது, அந்தப் பிளாஸ்டிக்கைக் கண் அவ்வளவாக எதிர்க்காததைக் கவனித்த கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் முதல் செயற்கை லென்சைக் கண்ணுக்குள் வைத்தார். அம்மாவிடம் சொன்னேன். ‘அவன் மாதிரியே பேசாதே’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘அந்த விமானிக்குப் பார்வை வந்ததா?’ என்று கேட்டார்.

கட்டுப் பிரித்த மறுநாள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, ‘உனக்கு எப்போது இவ்வளவு நரைத்தது?’ என்றார். சுவர்களின் அழுக்கு, அலமாரிமேல் தூசி, பேத்தியின் பல்லில் இருந்த ஓட்டை, எல்லாம் ஒரே நாளில் வெளிவந்தன. வயதோடு கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து நீல நிறத்தை வடிகட்டிவிடும் என்பதால், புதுக் கண்ணுக்கு நீலம் பளிச்சிடுகிறது. ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால், பிறகு மாற்றி, வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளாகப் பார்த்துக்கொண்டே போனார். ‘இது வெள்ளை. இது டீக்கறை. இது வெள்ளை. இது டீக்கறை.’ பேத்தியும் கூடவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சுற்றிவந்த அம்மா அண்ணனின் படத்துக்கு முன்னால் நின்றார். அங்கே கண்ணை மாற்றிப் பார்க்கவில்லை. ‘கடைசியாக வந்தபோது அவன் முகம் எனக்குப் புகையாகத்தான் தெரிந்தது’ என்றார்.

இதில் எதை எதில் கழிப்பது?

துக்கத்தைப் பற்றி நான் படித்தவற்றில் எனக்கு ஒத்துவந்தது 1999இல் நெதர்லாந்தில் பணியாற்றிய உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கட் இருவரும் எழுதியதுதான். இழந்தவர் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருப்பார் என்கிறார்கள்: ஒரு நேரம் இழப்புக்குள்ளேயே இருப்பார், ஒரு நேரம் அதை விட்டு விலகி, மாறிப்போன வாழ்க்கையின் வேலைகளைப் பார்ப்பார், இரண்டும் தேவை, ஓய்வும் தேவை. அம்மாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. படத்தின் முன்னால் நின்று அழுதுவிட்டு, திரும்பிவந்து, சமையலறை மேடையைத் துடைத்தவர் யார், இப்படியா துடைப்பது என்று கேட்டார்.

அண்ணி இப்போது ஸ்கூட்டர் கற்றுக்கொள்கிறார், அறுபது வயதில். அண்ணன்தான் அவரை எங்கும் கொண்டுபோய் விடுவார். அவர் போன பிறகு மாத்திரை வாங்கக்கூட இன்னொருவரைக் கேட்கவேண்டியிருந்தது, அதுதான் பிடிக்கவில்லை என்றார். திடலில் கற்றுக்கொடுக்கும் பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். ‘ஆன்ட்டி, காலை மேலே வையுங்கள், காலை மேலே வையுங்கள்’ என்று அது பின்னாலேயே ஓடுகிறது; அண்ணி இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டே முழுத் திடலையும் சுற்றிவருகிறார். செருப்பின் அடிப்பாகம் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. நான் பார்க்கப் போயிருந்த அன்று முதல் முறையாகக் காலை மேலே வைத்தார். வண்டி நேராகப் போனது; எப்படித் திருப்புவது என்பது மறந்துபோய் நேராகவே போய்க்கொண்டிருந்தது. வேலியோரம் எப்படியோ நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, ‘பார்த்தாயா, பார்த்தாயா’ என்று கத்தினார். இரண்டு கைகளையும் தூக்கிக் கைதட்டினேன். இரண்டு கைகளும் போயின என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன். பேத்தி நம்பவில்லை, கதவுச் சட்டத்தில் நிரூபிக்கச் சொன்னாள். பழைய கோட்டுக்கு ஒரு சாண் மேலே விரல் போயிற்று. எங்களிடம் அவ்வளவு உயரமான நாற்காலி இல்லாததால் கோடு இன்னும் போடவில்லை.

இடத்தோள் லேசாக இறுகுவதாகத் தோன்றுகிறது. சிலருக்கு மறுபக்கமும் வருவதுண்டாம். பிசியோதெரபிஸ்ட் அலட்டிக்கொள்ளவில்லை, ‘பயிற்சியெல்லாம்தான் உங்களுக்குத் தெரியுமே’ என்கிறார். தைராய்டு மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள், ஆறு வாரம் காத்திருக்கவேண்டும். அம்மாவின் அடுத்த கண்ணுக்கு நாள் குறித்தாயிற்று. பார்த்தால் அன்றைக்கே அண்ணிக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வும் வருகிறது. அம்மாவோடு நான் போகவேண்டும்; நான் வந்து நின்றால்தான் வண்டி வளையும் என்று அண்ணி பிடிவாதம் பிடிக்கிறார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: காலையில் அம்மாவை ஸ்கூட்டரில் மருத்துவமனையில் இறக்கிவிட்டுவிட்டு அப்படியே தேர்வுக்குப் போய்விடுகிறாராம். உரிமம் அதற்குப் பிறகுதானே கிடைக்கும் அண்ணி என்று கேட்டேன். அம்மா அதற்குள் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.